கூண்டுக்குள் போகாத நாயின் மேல் குற்றமில்லை

“ரெண்டு நாள் உள்ள தள்ளிக் கதவச் சாத்து. மூணாம் நாள் தன்னால போயிரும்.”

விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரத்திலும், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து ஊர்களிலும் வீட்டு வாசலில் நாய்க்கூண்டு வாங்கி வைத்த எவரும் இந்த யோசனையைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். கூண்டு செய்து கொடுத்த வெல்டிங் பட்டறைக்காரர் சொல்வார், பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்வார், விருந்துக்கு வந்த மைத்துனரும் சொல்வார். அது தவறு என்று மறுத்துச் சொல்கிறவர்களைக் காண்பது அரிது. ஆனால் அது தவறுதான். நாயின் உயிருக்கும், அந்த வீட்டுப் பிள்ளைகளின் உடம்புக்கும் கேடு கொண்டுவரக்கூடிய தவறு.

மறுப்பதற்கு முன் அந்தத் தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் வைக்கிறேன். நாய் பழக்கத்துக்கு அடிமையான பிராணி. எதையும் முதலில் மறுக்கும், பிறகு ஏற்கும். கோழியைக் கூட்டில் அடைத்துப் பழக்குகிறோம், ஆட்டுக்குட்டியைத் தொழுவில் அடைத்துப் பழக்குகிறோம், நாய்க்கு மட்டும் வேறு நியாயம் எதற்கு? வெளியே விட்டால் நான்குவழிச் சாலையில் அடிபட்டுச் சாகும், யாராவது விஷம் வைப்பார்கள், தெருநாயோடு சண்டை போட்டுப் புண்ணாகி வரும். காசு போட்டுக் கூண்டு செய்தது அதன் நன்மைக்குத்தான். அது புரியாத பிராணியை நாம்தான் கொஞ்சம் வற்புறுத்தி உள்ளே பழக்க வேண்டும். ஒரு வாரம் குரைக்கும், பிறகு அடங்கிவிடும். அடங்கிய நாய்களை ஊரெல்லாம் பார்க்கிறோமே!

இப்படிச் சொல்பவர்கள் கொடியவர்கள் இல்லை. நாய் மழையில் நனையக் கூடாது என்று நினைத்துப் பணம் செலவழித்தவர்கள். அந்த அக்கறை மெய்யானது. அதனால்தான் அந்த அக்கறை எங்கே தடம் மாறுகிறது என்பதைப் பொறுமையாகக் காட்ட வேண்டியிருக்கிறது.

1. நாயைக் குற்றம் சொல்வதற்கு முன் கூண்டைச் சோதித்தவர் யார்?

நம் பக்கத்துக் கூண்டு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று பக்கம் தகரம் அல்லது ஹாலோ பிளாக் சுவர், முன்னால் இரும்புக் கிரில் கதவு, மேலே தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ, கீழே சிமெண்ட் தரை. உயரம் கையை நீட்டினால் தொடும் அளவு. சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரி செல்சியஸைத் தொடும் வெயில் அந்தத் தகரத்தில் இறங்கினால் உள்ளே என்ன நடக்கும்? கூரை சூடாகி, அந்தச் சூட்டைக் கீழே படுத்திருக்கும் உயிரின் முதுகின் மேலேயே இறக்கும். சுவர் மதியம் முழுக்கச் சூட்டைக் குடித்து, பொழுது சாய்ந்த பிறகு அதை வெளியே விடும். வெளியில் காற்றுக் குளிர்ந்த பின்னும் கூண்டுக்குள் வெக்கை தணியாது.

மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தின் அடியில்தான் வியர்வை, அதனால் பெரிய பயன் இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன் உடலைக் குளிர்விக்கிறது. அதற்கு ஓடும் காற்று வேண்டும். மூன்று பக்கம் அடைத்த சிறு கூண்டில் நாய் விடும் மூச்சின் ஈரமே உள்ளே தேங்கும். காற்று ஈரமாக ஈரமாக இரைப்பு வேலை செய்யாமல் போகும். நாயின் இயல்பான உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டினால் ஆபத்து, 106ஐத் தொட்டால் உள்ளுறுப்புகள் சிதையத் தொடங்கும். இடைவெளி ஏறத்தாழ நான்கே டிகிரி. மூடிய தகரக் கூண்டில் ஒரு மதியம் போதும்.

இந்தக் கணக்கு எதுவும் நாய்க்குத் தெரியாது. ஆனால் எங்கே படுத்தால் உடம்பு தணியும் என்று தெரியும். வேப்பமரத்தடி, டிராக்டருக்கு அடி, வைக்கோல் படப்பின் நிழல் பக்கம், தண்ணீர்த் தொட்டியின் ஓரத்து ஈரமண் என்று தேடிப் போகிறது. மேல்மண்ணைக் காலால் பறித்து, அடியில் இருக்கும் குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுக்கிறது. செடியைக் கெடுத்துவிட்டது என்று அதற்காகவும் அடி வாங்குகிறது. குளிர்ந்த மண்ணை விட்டுவிட்டுச் சூடான தகரத்துக்குள் போக மறுக்கும் பிராணிக்குப் பிடிவாதம் என்று பெயர் வைப்பது என்ன நியாயம்?

இதில் இன்னொன்றும் உண்டு. இராஜபாளையம், சிப்பிப்பாறை என்ற இரண்டு நாய் இனங்களுமே இந்த விருதுநகர் மாவட்டத்து ஊர்களின் பெயரைத் தாங்கியவை. நீண்ட கால், ஒடுங்கிய வயிறு, ஒட்டிய தோல், குட்டை முடி. ஓடுவதற்கு என்று அமைந்த உடம்பு. தோலுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை இல்லாத இந்த நாயை வெறும் சிமெண்ட் தரையில் கிடத்தினால் முழங்கை காய்த்து, தோல் தடித்துப் புண்ணாகும். காலை நீட்டி ஒருக்களித்துப் படுப்பது அதன் பழக்கம். பட்டறையில் விற்கும் கூண்டு பெரும்பாலும் பொமரேனியன் அளவுக்குச் செய்தது. இரண்டடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நாய் அதற்குள் நிமிர முடியாமல், திரும்ப முடியாமல், பின்னாலேயே நடந்து வெளியே வர வேண்டியிருக்கிறது. அடுத்த முறை அது உள்ளே போகாததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

2. மழைக்காகக் கட்டியது என்கிறீர்கள். அந்த மழை அதற்குள் எப்படிக் கேட்கிறது என்று யோசித்தீர்களா?

நமக்கு மழையைக் கொண்டுவருவது ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கும் வடகிழக்குப் பருவக்காற்று. இடியோடும் மின்னலோடும் வரும். தகரக் கூரை வீட்டில் ஒரு மழைநாள் படுத்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும், பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காது 45,000 வரை கேட்கும். தலைக்கு ஒரு சாண் மேலே தகரம், அதன் மேல் சடசடவென்று மழை. போதாததற்கு அதே மாதங்களில் தீபாவளி வேறு. சிவகாசியும் சாத்தூரும் இருக்கும் மாவட்டத்தில் வெடிச்சத்தத்துக்குப் பஞ்சமில்லை. அந்தப் பயத்தில் ஒருமுறை உள்ளே பூட்டப்பட்ட நாய்க்கு, கூண்டும் அந்தப் பயமும் ஒன்றாகவே மனதில் பதியும். பிறகு வானம் வெளுத்த நாளிலும் அது அந்தப் பக்கம் திரும்பாது.

3. உள்ளே ஏற்கெனவே குடியிருப்பது யார்?

இதைச் சொன்னால் பலரும் நம்ப மறுக்கிறார்கள். நாய் உண்ணி நாயின் மேல் வாழ்வது கொஞ்ச காலம்தான். முட்டையிலிருந்து வந்த குஞ்சு நாயின் மேல் ஏறும், ரத்தம் குடிக்கும், கீழே இறங்கித் தோல் உரிக்கும். மறுபடி ஏறும், குடிக்கும், இறங்கும். வளர்ந்த பிறகு மூன்றாவது முறை ஏறிக் குடித்துவிட்டு, பெண் உண்ணி இறங்கிப் போய்ச் சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆக, அதன் வாழ்நாளில் பெரும்பகுதி கழிவது கூண்டின் இடுக்குகளில். நாயைக் குளிப்பாட்டி, உண்ணி பொறுக்கி, மருந்து தடவி அதே கூண்டுக்குள் திரும்ப அடைத்தால் அன்றிரவே புதிய படை ஏறும். நாயின் ரத்தத்தை வற்ற வைக்கும் உண்ணிக் காய்ச்சல் இந்த வழியாகத்தான் வருகிறது.

பழைய சாக்கு விரித்து, மாதக்கணக்கில் உதறாமல், பூசாத ஹாலோ பிளாக் சுவரோடு இருக்கும் கூண்டு உண்ணிப் பண்ணை. அதற்குள் படுத்த நாய்க்கு இரவெல்லாம் அரிக்கும். மறுநாள் அது திறந்தவெளியில் படுக்கிறது. நாம் அதைச் சங்கிலியால் இழுத்துப் போய் மறுபடி உள்ளே விடுகிறோம்.

4. காவலுக்கு வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு கூண்டை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம்?

கொல்லைப்புறத்தில், செப்டிக் டேங்க் ஓரத்தில், போர் மோட்டாருக்குப் பக்கத்தில். வாசல் தெரியாது, தெரு தெரியாது, வீட்டு ஆட்கள் யாரும் கண்ணில் பட மாட்டார்கள். சில வீடுகளில் கூண்டின் வாய் மதில் சுவரைப் பார்த்து இருக்கும். நாய் தன் வேலையாக எடுத்துக்கொண்டது யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்ப்பதை. அந்த வேலையைச் செய்ய முடியாத இடத்தில் அது இருப்புக் கொள்ளாது.

இது நேற்று வந்த குணமில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இறந்த வீரனோடு அவன் நாய்க்கும் அந்தக் கல்லில் உருவம் செதுக்கி, கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் பொறித்து வைத்தார்கள். நாய்க்கு மரியாதை என்றால் என்னவென்று அந்தக் காலத்தார் அறிந்திருந்தார்கள். அது நின்ற இடத்தை மதித்தார்கள்.

ஆட்டுக் கிடை போடும் கீதாரிகளைக் கேளுங்கள். கிடையில் நாய்க்கு இடம் யாரும் குறித்துக் கொடுப்பதில்லை. காற்று வரும் திசையையும் மேட்டையும் பார்த்து, ஆடுகளுக்கு வெளிவட்டத்தில் நாயே தன் இடத்தை எடுத்துக்கொள்ளும். கீதாரி அதை மாற்ற மாட்டார். நாய் எங்கே படுத்திருக்கிறது என்பதை வைத்து எந்தப் பக்கம் கவனம் வேண்டும் என்று அவர் தெரிந்துகொள்வார்.

5. நாய் குகையில் வாழும் பிராணி, ஆகவே அடைந்த இடம் அதற்குப் பிடிக்கும் என்கிறார்களே?

நகரத்து நாய்ப் பயிற்சியாளர்கள் சிலர் மேல்நாட்டிலிருந்து எடுத்து வந்த பேச்சு இது. இப்போது கிராமத்துக்கும் யூடியூப் வழியாக வந்து சேர்ந்துவிட்டது. ஓநாயும் நாயும் குழியை நாடுவது குட்டி போடவும் குட்டிகளைக் காக்கவும்தான். குட்டிகள் நடமாடத் தொடங்கியதும் குழியின் வேலை முடிந்தது. வளர்ந்த நாய் ஆண்டு முழுக்க வளையில் குடியிருக்கும் பிராணி இல்லை. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்கள் குட்டி போடும் இடங்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. ஒதுக்குப்புறமும் மறைவும் கிடைத்தாலும், தாய் நாய்கள் மனிதர்கள் புழங்கும் இடத்தின் அருகாமையையே நாடின என்பது அந்த ஆய்வின் முடிவு. மறைவு தேவைப்படும் அந்தச் சில வாரங்களிலும் நாய் நம் பக்கத்தைத்தான் தேடுகிறது. நாம் கூண்டைக் கொல்லைக்குத் தள்ளுகிறோம்.

கோழியையும் ஆட்டையும் காட்டும் வாதமும் இங்கேயே உடைகிறது. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. அந்தி சாயும்போது அடைவதற்கு இடம் தேடுவது அதன் இயல்பு, நாம் பஞ்சாரத்தைக் கவிழ்ப்பது அந்த இயல்புக்கு ஒத்தாசை. ஆடு மந்தைப் பிராணி, தொழுவில் அது தன் கூட்டத்தோடுதான் அடைகிறது. நாயின் கூட்டம் நாம். அதைத் தனியே பூட்டிவிட்டு நாம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறோம். இந்த மூன்றும் எப்படி ஒன்றாகும்?

6. “அடங்கிவிட்டது” என்கிறீர்கள். அடங்கியதை யார் பழகியது என்று சொன்னது?

இந்த வாதம்தான் அந்தத் தரப்பின் தூண். கண்ணால் கண்ட பலனைக் காட்டுகிறார்கள், அதனால் பலரும் வாயடைத்துப் போகிறார்கள். நான் இதில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்று படிக்கவே மனம் கூசும் சோதனை. ஒரு பிரிவு நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நிற்கும். இன்னொரு பிரிவுக்கும் அதே அதிர்ச்சி, ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் தாழ்ந்த தடுப்பு வைத்த பெட்டிக்குள் விட்டார்கள். தாண்டினால் தப்பிக்கலாம். முதல் பிரிவு தாண்டித் தப்பியது. இரண்டாம் பிரிவில் பெரும்பாலான நாய்கள் தாண்ட முயலவே இல்லை. படுத்து முனகிக்கொண்டு வாங்கிக் கொண்டன.

வெளியிலிருந்து பார்த்தவருக்கு அந்த நாய்கள் அமைதியாகத் தெரிந்திருக்கும். குரைப்பில்லை, முட்டி மோதுவதில்லை, கதவைப் பிராண்டுவதில்லை. நம் ஊரில் ஒரு வாரம் பூட்டப்பட்ட நாயிடம் பார்க்கும் அதே அடையாளங்கள். “பாத்தியா, பழகிருச்சு” என்று சொல்லிக் கூண்டைத் திறக்கிறோம். நாய் வெளியே வரக்கூட எழுந்திருக்காமல் கிடக்கிறது. அதைப் பார்த்து இன்னும் மகிழ்கிறோம்.

இதே இரு ஆய்வாளர்களும் 2016இல் தங்கள் முடிவைத் தாங்களே திருத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் மூளையைப் பற்றித் தெரியவந்ததை வைத்து அவர்கள் சொன்னது இது: நீண்ட துன்பத்தில் ஒடுங்கிக் கிடப்பது உயிரின் முதல் எதிர்வினை, அதை யாரும் கற்றுக்கொள்வதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது, இந்த நிலைமையைத் தன்னால் மாற்ற முடியும் என்பதைத்தான். அதைக் கற்ற உயிர் அடுத்த துன்பத்திலும் ஒடுங்காது.

கூண்டு விஷயத்தில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை. பூட்டிய கதவு நாய்க்கு எதையும் கற்றுக் கொடுக்காது, அதை ஒடுக்கும், அவ்வளவுதான். திறந்த கதவுதான் கற்றுக் கொடுக்கும். நினைத்தபோது வெளியே வரலாம் என்று உறுதியாகத் தெரிந்த நாய் மட்டுமே நினைத்தபோது உள்ளே போகும். அடைத்துப் பழக்குகிறேன் என்பவர் நாய் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றே ஒன்றைத் தடுத்துவிடுகிறார்.

பட்டினி போட்டுப் பழக்கும் யோசனைக்கும் இதே பதில்தான். பசிக்காக உள்ளே போகும் நாய் சோற்றைத் தின்றதும் வெளியே வந்துவிடும். அது கூண்டை ஏற்கவில்லை, தட்டை ஏற்றிருக்கிறது.

7. கட்டிப்போட்ட நாய் யாரைக் கடிக்கிறது?

கூண்டுக்குள் தள்ளுவது பலிக்காவிட்டால் அடுத்த யோசனை, கூண்டு வாசலிலேயே குட்டைச் சங்கிலி. வேறு இடத்துக்குப் போக முடியாதபோது உள்ளே போய்த்தானே ஆக வேண்டும் என்ற கணக்கு. நிழல் நகரும், சங்கிலி நகராது. தண்ணீர்ச் சட்டி ஒருமுறை உருண்டால் எட்டாத தூரத்தில் கிடக்கும்.

விளைவு நாயோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994இல் வெளிவந்த ஆய்வு, கடித்த நாய்கள் முற்றத்தில் சங்கிலியில் கிடந்தவையாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. காரணம் ஊகிக்கக் கடினமில்லை. பயந்த நாய் முதலில் விலகி ஓடப் பார்க்கும். ஓட வழியில்லாத நாய்க்கு மிச்சமிருப்பது பல். பந்தை எடுக்கப் போகும் பிள்ளையும், தட்டு வைக்கப் போகும் பாட்டியும்தான் அந்தச் சங்கிலியின் எல்லைக்குள் முதலில் கால் வைக்கிறார்கள். கடித்த பிறகு நாய் ஆகாதது என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்படும்.

சட்டமும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இல்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், போதிய நீளமும் அகலமும் உயரமும் இல்லாத கூண்டில் பிராணியை அடைப்பதையும், நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதையும், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதையும் தனித்தனியே குற்றம் என்கிறது. நாய் என்ற பிராணியைச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அந்தத் தொகை இன்றுவரை அப்படியே இருப்பது நாட்டுக்கு வெட்கம். ஆனால் அபராதம் சிறியது என்பதால் குற்றம் சிறியதாகிவிடாது.

இந்தச் சட்டம் டெல்லிக்காரர்கள் யாரோ நம் தலையில் வைத்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதற்காக மாநிலங்களவையில் முதலில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் 1904இல் மதுரையில் பிறந்த ருக்மணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவுக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் அதே அம்மையார்தான். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்களித்ததால் அவர் மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே.

“நாய்க்குப் போயி இத்தனை ஆராய்ச்சியா?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திருச்சுழியையே பதிலாகச் சொல்கிறேன். 1879இல் அந்த ஊரில் பிறந்த ரமணர் வாழ்ந்த திருவண்ணாமலை ஆசிரமத்தில் இன்றும் ஜாக்கி என்ற நாய்க்குச் சமாதி இருக்கிறது. பசு லட்சுமியின் சமாதிக்கு அருகில்.

இனி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் குரலுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். “அதத்தான் நானும் சொல்றேன், நாட்டு நாய்க்குக் கூண்டே எதுக்கு? எங்கயாவது சுருண்டுக்கும்.” இதையும் நான் ஏற்கவில்லை. ஐப்பசி மழையில் இரவெல்லாம் நனைந்த குட்டி விடியும்போது விறைத்துக் கிடக்கும். கிழட்டு நாய்க்கு மார்கழிப் பனியில் மூட்டு இறுகிவிடும். ஈன்ற நாய்க்கு மறைவு வேண்டும். தங்குமிடமும் தண்ணீரும் தராமல் விடுவதும் அதே 11ஆம் பிரிவில் குற்றம்தான். கூண்டு வேண்டும். நாய் ஏற்கிற மாதிரிக் கூண்டு வேண்டும்.

அது எப்படி இருக்க வேண்டும் என்பதை நாயே ஆண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கூண்டு வாங்குவதற்கு முன், உங்கள் நாய் மதியம் எங்கே படுக்கிறது, நடுராத்திரி எங்கே படுக்கிறது, மழை பெய்தால் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். அந்த இடத்துக்குக் கூண்டைக் கொண்டுபோங்கள். நாயைக் கூண்டிருக்கும் இடத்துக்கு இழுப்பதைவிட இது எவ்வளவோ சுலபம்.

கூரைக்குப் பனையோலையோ கிடுகோ போதும். நாட்டு ஓடு இன்னும் நல்லது. தகரம்தான் இருக்கிறது என்றால் அதன் மேல் ஓலையைக் கனமாகப் பரப்பிக் கட்டுங்கள், வெயிலும் குறையும், மழைச் சத்தமும் குறையும். தரையிலிருந்து அரையடியாவது உயர்த்துங்கள். கரிசல் மண் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், அதன் மேல் நேராகப் போட்ட தளம் தை மாதம் வரை சில்லென்றிருக்கும். சிமெண்டுக்கு மேல் பலகை போடுங்கள். பின்சுவரின் மேல்பக்கம் காற்றுப் போகத் துளை விடுங்கள். வாசல் தெற்குப் பார்த்து இருக்கட்டும்: வடகிழக்கிலிருந்து வரும் மழைச் சாரலும் உள்ளே அடிக்காது, மேற்கு வெயிலும் ஆடிக்காற்றுப் புழுதியும் நேராக இறங்காது, மார்கழியில் சாய்ந்து வரும் இளவெயில் கிடைக்கும். நாய்க்கூண்டுக்கு வாஸ்து பார்க்க வேண்டாம், காற்றைப் பாருங்கள். சுவர் இடுக்குகளைப் பூசி அடைத்து அடிக்கடி சுண்ணாம்பு அடியுங்கள். சாக்கை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி உச்சிவெயிலில் காயப் போடுங்கள். உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, நாய்க்கும் கூண்டுக்கும் ஒரே நாளில் போடுங்கள்.

பழக்குவதற்குத் தந்திரம் ஒன்றும் தேவையில்லை. முதலில் கூண்டுக்குப் பக்கத்தில் சோறு வையுங்கள், சில நாள் கழித்து வாசற்படியில், பிறகு உள்ளே. வீட்டில் உடுத்திக் கழித்த கைலியோ சேலையோ துவைக்காமல் உள்ளே விரியுங்கள், உங்கள் வாசனை இருக்கும் இடம் அதற்கு வீடு. தானாக உள்ளே போய்ப் படுத்தால் பேசாமல் இருங்கள். கதவைச் சாத்த ஓடாதீர்கள். தண்டனையாக ஒருநாளும் உள்ளே தள்ளாதீர்கள், ஒரு மாதப் பழக்கம் அந்த ஒரு நாளில் அழியும். வெயில் காலத்தில் அது உள்ளே வராமல் மரத்தடியில் கிடந்தால் கிடக்கட்டும், கூண்டு தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. சாலைக்கு ஓடும் என்ற பயம் நியாயமானது. அதற்கு வேலியைச் சரிசெய்யுங்கள், கேட்டைச் சாத்துங்கள். முற்றத்தை அடைப்பது வேறு, நாயை அடைப்பது வேறு.

மழை இறங்குவதற்கு முன், வெயில் இருக்கும்போதே, ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டுக் கூண்டுக்குள் குனிந்து கையை நீட்டி, அந்தக் கூரையின் அடிப்பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். கை தாங்கவில்லை என்றால் அன்றே கூரையை மாற்றுங்கள். தாங்கினாலும் தாங்காவிட்டாலும், அந்தக் கதவைக் கீலோடு கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.